தொப்பித் துணியின் ஹாஃப் ஒயிட்

ஜனவரி 2

சாயக் கம்பெனிக்காரர்கள் புது டைரி கொடுத்துவிட்டுப் போனார்கள். இருபது வருடமாக ஓசி டைரியில்தான் எழுதுகிறேன். தாளைத் தடவிப் பார்த்தேன். நல்ல ஹாஃப் ஒயிட். பளீர் வெள்ளைத் தாளில் நாலு பக்கம் எழுதினால் கண் வலிக்கும். பைபிளும் பாட்டுப் புத்தகமும் இந்த நிறத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். பழசாகிப் போனதால் இல்லை.

கம்பெனியில் என் வேலை பார்ப்பது. துணி தைக்கிறவள் இல்லை, சாயம் போடுகிறவளும் இல்லை. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர் ஒப்புக்கொண்ட நிறத்துக்கும் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணிக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். கலர் இன்சார்ஜ் மெர்சி ஞானசெல்வி. திருப்பூருக்கு வரும்போது இருபத்து நாலு வயது, இப்போது ஐம்பத்தாறு. சொந்த ஊரான பாளையங்கோட்டையில் கேட்டால் "மெர்சி அங்க என்ன வேலை பாக்கா?" என்பார்கள். "சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பேன். பொய் இல்லையே.

இந்த வருடத்தின் முதல் ஆர்டர் பிறந்த குழந்தைக்கான செட். சட்டை, தொப்பி, கையுறை, காலுறை, எல்லாம் ஹாஃப் ஒயிட். பையரின் ஊர்க்காரர்கள் குழந்தைக்குப் பளீர் வெள்ளை போடமாட்டார்களாம். பளீர் வெள்ளை என்றால் மருந்து போட்டு வெளுத்தது என்று பயம். செடியில் வெடித்த பஞ்சைப் போலவே இருக்க வேண்டுமாம். ஆனால் அதைச் சாயம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாதிரிக்கு மூன்று துண்டுத் துணி, எங்கள் பேச்சில் பிட், அனுப்பினோம். நடுப் பிட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஜனவரி 9

சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

இன்று எங்கள் சாய லேபிலிருந்து சென்னியப்பன் சட்டைத் துணியின் பிட்டைக் கொண்டுவந்தார். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள், பையர் ஒப்புக்கொண்ட ஸ்டாண்டர்டு பிட் பக்கத்தில் வைத்தேன். ஒட்டிப் பிறந்ததைப் போல இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும். லேப் இன்சார்ஜாக வந்து ஒன்பது வருடம். மற்ற லேபுகளிலிருந்து வருகிறவர்கள் மூன்று, நாலு பிட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், நாம் பொறுக்க வேண்டும். இவர் ஒன்றே ஒன்றைத்தான் கொண்டுவருவார். அதுவும் சரியாக இருக்கும். ஒரு வருடமாக இவர் கொண்டுவந்ததில் ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. "என் கண்ணுக்குப் பயந்துக்கிட்டே தொழில் கத்துக்கிட்டீங்க" என்று சொன்னேன். "ஆமாங்க மேடம்" என்று சிரித்தார்.

என் மகள் பியூலாவின் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. அதுவும் ஹாஃப் ஒயிட், பொன் எழுத்து. முதல் பத்திரிகைகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். குடும்பத்தோடு வர வேண்டும் என்றேன்.

ஜனவரி 21

பெங்களூரிலிருந்து பியூலா வந்தாள். கோயம்புத்தூரில் கல்யாணச் சேலை பார்த்தோம்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு ஹாஃப் ஒயிட் பட்டுதான். என் மாமியாருக்கு அதிலே ஒரு சட்டம் இருந்தது. சுத்த வெள்ளை கட்டினால் தாலியறுத்தவள் என்று பக்கத்து வீட்டு இந்துக்காரர்கள் பேசுவார்களாம். மஞ்சள் ஏறினால் குருவானவரே முகம் சுளிப்பாராம். அந்த இரண்டுக்கும் நடுவில் கையளவு இடம் இருக்கிறது, அதில்தான் நம் பெண்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்பார். கிழவி பட்டு வியாபாரத்துக்குப் போயிருந்தால் கோடீஸ்வரி.

கடைக்காரன் ஏழெட்டுச் சேலையை விரித்தான். நான் பார்த்த மாத்திரத்தில் ஒன்றை எடுத்தேன்.

"இதுதான். கண்ணை மூடிக்கிட்டு எடு."

பியூலா என்னைப் பார்த்தாள். "அம்மா, விளையாடுறீங்களா? இது மஞ்சள்."

"ஏட்டி, யாருகிட்ட சொல்லுதே? முப்பத்திரண்டு வருஷம்..."

"முப்பத்திரண்டு வருஷம் பாத்திருக்கலாம். இது எலுமிச்சம்பழ சாதம் மாதிரி இருக்கு." கடைக்காரப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடை விளக்கு எல்லாம் மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் யாராலும் நிறம் சொல்ல முடியாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். பியூலா வேறொன்றை எடுத்தாள். பிரமாதம் ஒன்றுமில்லை, நான் எடுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜனவரி 22

வீட்டு டியூப் லைட் மங்கிவிட்டது. புதிது வாங்கி மாட்டச் சொன்னேன். இதுவும் மங்கலாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகத் தயாரிப்பதில்லை.

ஜனவரி 27

சென்னியப்பன் நாலு நாளாக லீவு. அவருடைய அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். அவர் இடத்தில் ரேணுகா. லேபில் எட்டு வருடமாக இருக்கிறாள், நல்ல பெண், ஆனால் ஒரு வேலையை முடிக்கத் தெரியாது. தொப்பித் துணிக்கு மூன்று பிட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள்.

"எதும்மா சரியா இருக்கு?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம்."

பார்த்தேன். மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. லைட் பாக்ஸில் விளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். மூன்றும் ஒன்றுதான் என்று சொன்னால் சின்னப் பெண் என்ன நினைப்பாள்? கடைசிப் பிட்டை எடுத்து "இது" என்றேன். அவள் ஒரு நிமிடம் நின்றாள். "இதுங்களா மேடம்?" என்றாள். "பின்னே?" என்றேன். அட்டையில் பிட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தலைவலி. வீட்டுக்கு வரும் வழியில் சுக்குக் காபி.

ஜனவரி 29

கோபம் இன்னும் அடங்கவில்லை.

சென்னியப்பன் இன்று வேலைக்கு வந்தார். மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார். எதிரே பையர்களோடு பேசி ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், தொப்பித் துணி மஞ்ச ஏறியிருக்குதுங்க. நிறுத்திடலாமுங்களா? இன்னும் வெட்டலைங்க."

"யாரு சொன்னா?"

"கலர் அளக்கற மெஷின்ல போட்டுப் பாத்தனுங்க. வித்தியாசம் ரெண்டு புள்ளி நாலு காட்டுது. ஒண்ணுக்குள்ள இருக்கணுமுங்க."

"மெஷின் வெள்ளையில பொய் சொல்லும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்லவேண்டிய அவசியம் இல்லை. திருப்பூருக்கே தெரிந்த கதை. பதினோரு வருடம் முன்னால் மெஷின் பாஸ் போட்ட ஒரு லாட் துணியை நான் மட்டும் நிறுத்தினேன். வெளுப்பானில் நீலம் கலந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் தெரியாமல், கடை விளக்கில் ஒளிவிடும். பையர் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று எனக்குக் கை தட்டினார். அன்றிலிருந்துதான் "மெர்சி மேடம் கண்ணு" என்ற பேச்சு.

"இது மெஷின் பொய் இல்லைங்க மேடம். வெறுங்கண்ணுக்கே தெரியுதுங்க."

"அப்ப என் கண்ணு என்ன கண்ணு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தி என்ன, இரண்டு அடி தூரத்தில் இரண்டு பேர். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒருக்கா கண்ணைக் காட்டிட்டு வந்துருங்க."

ஒன்பது வருடமாக என் முன்னால் கை கட்டி நின்ற ஆள். "கையெழுத்துப் போட்டாச்சு. போய் வேலையைப் பாருங்க" என்றேன். துணி வெட்டப் போய்விட்டது.

ஜனவரி 30

லேப் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 19

செட் எல்லாம் கப்பலுக்குப் போய்விட்டது. பெட்டி போடுவதற்கு முன் ஒரு செட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவு தொப்பி. பியூலாவுக்கு இப்படி ஒன்று என் அம்மா பின்னிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சட்டையும் தொப்பியும் ஒரே நிறம். எனக்கு ஒரே நிறம்தான்.

மார்ச் 20

பையரிடமிருந்து போட்டோ வந்தது. மொத்த ஆர்டரையும் திருப்பிவிட்டார்கள்.

எம்.டி. சிவக்கொழுந்து பெரிய திரையில் போட்டுக் காட்டினார். மரத்தட்டில் சட்டையும் அதன் தலைமாட்டில் தொப்பியும் வைத்து எடுத்த படம். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மெர்ச்சண்டைசர் படித்தாள்: தொப்பி யாரோ போட்டுக் கழற்றிய பழைய தொப்பியைப் போலிருக்கிறது, எங்கள் தாய்மார்கள் இதைப் பிறந்த குழந்தை தலையில் வைக்கமாட்டார்கள். அறையில் எல்லாரும் "ஐயோ, ஆமா" என்றார்கள். நானும் "ஆமா" என்றேன். 

"மேடம், உங்க கையெழுத்து இருக்குதே?" என்றார் எம்.டி. மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை.

"நான் கையெழுத்துப் போட்ட பிட் இது இல்ல சார்" என்றேன்.

அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நான் பார்த்த பிட் சரியாக இருந்தது. இது சரியில்லை என்று ஊரே சொல்கிறது. அப்படியானால் இது வேறு. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அட்டைகளை வைக்கிற பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

சாவி சென்னியப்பனிடம்தான். மீதியை எம்.டி.யே சொல்லி முடித்தார்: லீவு முடிந்து வந்தவன் துணி குறைந்ததால் வேறு லாட்டைக் கலந்திருக்கிறான், அட்டையில் பிட்டையும் மாற்றியிருக்கிறான், பிறகு தப்பித்துக்கொள்ள மெஷின் கணக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். சென்னியப்பன் வாய் திறந்து "நான் எதுக்குங்க மாத்தறேன்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்தார். ரேணுகா தரையைப் பார்த்தாள். நான் என் முன்னால் இருந்த தண்ணீர் கிளாஸைப் பார்த்தேன்.

சாயந்திரமே அவர் கணக்கை முடித்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 21

துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பியூலா அந்தச் சேலையில் ராணி மாதிரி இருந்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாருக்கும் சாப்பாடு திருப்தி. கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். லேப் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், பத்திரிகை முதலில் வாங்கியவரைத் தவிர.

ஏப்ரல் 24

புது லேப் இன்சார்ஜ் நாலு நாலு பிட்டாகக் கொண்டுவருகிறார். இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை என் கையெழுத்து தவறு என்று ஆகிவிட்டது. ஒன்று இளம்பச்சை, ஒன்று க்ரீம். நல்லவேளை வெட்டுவதற்கு முன் பிடித்துவிட்டார்கள். புது ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை.

மே 8

கேன்டீனில் காதில் விழுந்தது. சென்னியப்பனை எந்தச் சாயப்பட்டறையிலும் எடுக்கவில்லையாம். லேப் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, திருப்பூர் முழுக்கச் சேர்ந்து. அதிலிருந்தே நீக்கிவிட்டார்களாம். பிட் மாற்றுகிறவன் என்ற பெயர் ஒருதடவை வந்துவிட்டால் இந்தத் தொழிலில் யாரும் வாசல்படி ஏற்றமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சாவியைப் பற்றிக் கேட்டேனா? இல்லை. யோசிக்காமல் கேட்டேன்.

யோசித்துத்தான் கேட்டேன். எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

ஜூன் 9

கோவிலில் குருவானவருக்குப் புது அங்கி. ஆராதனை முடிந்து பக்கத்திலிருந்த டெய்சி அக்காவிடம், "ஹாஃப் ஒயிட்ல தச்சிருக்காரு, கம்பீரமா இருக்கு" என்றேன். "ஹாஃப் ஒயிட்டா? பால் வெள்ளையா இருக்கு மெர்சி" என்றாள். டெய்சி அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. போன வருடம் கண் ஆபரேஷன் செய்துகொண்டவள்.

வீட்டுக்கு வந்து பியூலாவுக்குப் போன் போட்டேன். "என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்வதற்காக ஜனவரியிலிருந்தே காத்துக்கொண்டிருந்தவளைப் போல "சனிக்கிழமை வர்றேன்மா" என்றாள்.

ஜூன் 15

இரண்டு கண்ணிலும் புரை. நடுப்பகுதி பழுத்துவிட்டதாம். டாக்டர் சின்ன வயது, பொறுமையாகச் சொன்னார்.

"மெதுவா வர்றதால தெரியாதுங்கம்மா. மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்ட மாதிரி. நீலமும் வெள்ளையும் முதல்ல போகும். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. என்ன வேலை பாக்கறீங்க?"

"கம்பெனியில" என்றேன்.

"எத்தனை நாளா இருக்கும் டாக்டர்?" என்று நானே கேட்டேன்.

"ரெண்டு மூணு வருஷமாவது இருக்கும்."

பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆபரேஷனுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 21

புதன்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

என் வீட்டுச் சுவர் வெள்ளை. நான் ஹாஃப் ஒயிட் அடித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பெயிண்டர் ஏமாற்றவில்லை, நான் வாங்கிக் கொடுத்ததே வெள்ளை. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்க்கிறேன். வலது கண்ணுக்குப் பால். இடது கண்ணுக்கு டீ. மாற்றி மாற்றிப் பார்த்தேன், சின்னப் பிள்ளை விளையாடுவதைப் போல. பியூலா சிரித்தாள். நானும் முதலில் சிரித்தேன்.

பிறகு அவள் போனில் கோயம்புத்தூர்க் கடையில் நான் எடுத்த சேலையின் போட்டோவைக் காட்டினாள், கேலி செய்வதற்கு. எலுமிச்சம்பழ சாதம்தான். அதே நிறம்.

அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 1

கம்பெனிக்குப் போனேன். நேராக லேபுக்குப் போய் பீரோவைத் திறக்கச் சொன்னேன். அந்த அட்டை இன்னும் இருந்தது. மேலே ஸ்டாண்டர்டு, கீழே தொப்பித் துணி, ஓரத்தில் என் கையெழுத்து. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். லைட் பாக்ஸ் தேவைப்படவில்லை. மாடிப்படியில் நின்று பார்த்தாலும் தெரியும். மேலே இருப்பது பஞ்சு. கீழே இருப்பது பழைய பனியன்.

பிட்டின் ஓரத்தில் பேனாவால் என் சுருக்கக் கையெழுத்து. பிட்டின் மேல் பாதி, அட்டையின் மேல் பாதியாகப் போடுவேன், யாரும் மாற்றக்கூடாது என்பதற்காக நானே கொண்டுவந்த பழக்கம். கோடு ஒரு இடத்தில்கூட விலகவில்லை. மார்ச் மாதம் யாராவது இந்த அட்டையைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதே போதுமானதாக இருந்தது. நானும் கேட்கவில்லை.

ரேணுகா பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், உங்களுக்கு இப்பத் தெரியுதுங்களா?" என்றாள்.

"தெரியுது."

அவள் அழ ஆரம்பித்தாள். "சென்னியப்பன் அண்ணனுக்கு உங்க கண்ணு விசயம் ரொம்ப நாளாவே தெரியுமுங்க மேடம். போன வருசமே கண்டுபிடிச்சுட்டாரு. அதனாலதான் மெஷின்ல பாஸ் ஆனதை மட்டும், அதுவும் ஒண்ணே ஒண்ணை, உங்ககிட்டக் கொண்டுவருவாரு. மேடத்துக்கு வயசாகுது, நாம பாத்துக்கணும், வெளிய யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அன்னைக்கு அவரு லீவுங்க. நான்தான் மூணையும் கொண்டுவந்து வெச்சுட்டேன். நீங்க மஞ்சளை எடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது. சொல்ல பயமா இருந்துச்சுங்க."

ஒரு வருடமாக ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறேன் இதே டைரியில். அந்த ஒரு வருடமும் பார்த்தது நான் இல்லை. அவர் பார்த்து முடித்ததற்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் எதிரே கண்ணைக் காட்டச் சொன்னதற்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஜூலை 2

எம்.டி.யிடம் அட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "மேடம், முடிஞ்சு போன விசயம். இப்ப நம்ம கண்ணே சரியில்லைன்னு நாமளே சொன்னா எந்தப் பையர் நம்புவான்? நீங்க ரெஸ்ட் எடுங்க, அடுத்த கண்ணையும் முடிச்சுட்டு வாங்க" என்றார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்.

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு வருடம். தடுக்கத்தான் செய்தார். நிறம் தெரியாத கண்ணோடு மூன்று வருடம் கையெழுத்துப் போட்டதே அதிகம்.

வீட்டுக்கு வந்து ரேணுகாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். லேப் ஆட்கள் குழுவில் போடச் சொன்னேன். என் பெயர், சென்னியப்பன் பெயர், அட்டையின் போட்டோ, என் ஆஸ்பத்திரிச் சீட்டு. பிட்டை யாரும் மாற்றவில்லை, மெர்சிக்குக் கண் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை, அதனால் பொய் சொன்னாள். பொய் என்ற வார்த்தையைச் சொல்லும்போது நின்று நின்று சொன்னேன். ரேணுகா போட்டுவிட்டாள்.

ஜூலை 6

அவிநாசி ரோட்டில் ஒரு பெயிண்ட் கடையில் சென்னியப்பன் இருப்பதாக ரேணுகா விசாரித்துச் சொன்னாள். போனேன்.

கவுண்டருக்குப் பின்னால் கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டுக்காரர் ஹாலுக்கு ஹாஃப் ஒயிட் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "கிழக்குப் பாத்த ஹாலுங்களா? அப்ப இது வேண்டாமுங்க, காலை வெயில்ல மஞ்சளாத் தெரியும். இத எடுத்துக்குங்க, லேசா சாம்பல் ஓடும், உங்களுக்கு வெள்ளையாவே நிக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

என்னைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இளைத்துவிட்டார். "கண்ணு ஆபரேஷன் ஆச்சுங்களா மேடம்? வெயில்ல வந்திருக்கீங்களே, கண்ணாடி போட்டுக்க வேண்டாமா?"

நான் செய்ததையெல்லாம் சொன்னேன். குழுவில் வந்ததை யாரோ அவருக்கு அனுப்பி, கேட்டுவிட்டாராம். இரண்டு பட்டறையிலிருந்து போனும் வந்ததாம்.

"அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டு, சென்னியப்பா எனக்குத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் பாத்துட்டிருப்பனுங்க. ரிட்டையர் ஆகற வரைக்கும் பாத்திருப்பனுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "வேலை வந்துருமுங்க. அதில்ல. வூட்டுக்கு வந்து எம்பட சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா. போன்ல வந்ததையும் போட்டுக் காட்டினனுங்க. ஆளைப் புடிச்சுப் பேச வெச்சிருக்கறன்னு நினைக்கறா."

ஜூலை 7

அனுப்பர்பாளையத்தில் வரிசை வீடு. சென்னியப்பன் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அவர் மனைவி வசந்தாமணி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்றாள். நான் உட்காரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். உன் புருஷன் பிட்டை மாற்றவில்லை. துணி கெட்டிருக்கிறது என்று என்னிடம் வந்து முதலில் சொன்னவரே அவர்தான். எனக்குக் கண் தெரியவில்லை. அதை மறைக்க அவர் மேல் பழி விழ விட்டேன். ஒரு வருடமாக என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவரு சொன்னாருங்க. மேடத்துக்குக் கண்ணு தெரியலைன்னு மார்ச் மாசமே சொன்னாரு. பழியைத் திருப்பிப் போடறாருன்னு நினைச்சுட்டனுங்க."

முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க மேடம், கல்யாணம் ஆன நாளா இந்த வூட்டுல இவரு என்ன சொல்லுவாருங்கறீங்க? எங்க மேடம் கண்ணு தப்பவே தப்பாது, மெஷினு தப்பும், மேடம் கண்ணு தப்பாது. சோத்துல உக்காந்தா அதைத்தான் சொல்லுவாரு. ஒரு வருசமாத்தான் அந்தப் பேச்சை விட்டாரு, ஏன்னு நான் கேக்கலை. அந்த மேடமே பிட்டு மாறிருச்சுன்னு சொல்லிட்டாங்கன்னு கேட்டதும்..." மூச்சு வாங்கினாள். "இவரு சொல்லிச் சொல்லித்தானுங்க நான் உங்களை நம்பினேன். இவரை நம்பலை. நாலு மாசமா சோறு மட்டுந்தான் போட்டனுங்க. ஒரு வார்த்தை பேசலை."

சென்னியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மன்னித்துவிடு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை. அதற்குள் வசந்தாமணி எழுந்து அவர் அருகே போய்விட்டாள். அவர் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுருங்க, என்னை மன்னிச்சுருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.